சர்வ்லெட்டுக்குள் எழுதிய உள்வகுப்பு: டாம்கேட் மறுதொடக்கத்தில் கூடை மட்டும் தொலைவது ஏன்?

புதுநிரலர் (கேள்வி):

வணக்கம். புத்தக விற்பனைத் தளம் ஒன்றுக்காக ஜாவா 11, டாம்கேட் 9 சர்வர் ஆகியவற்றில் சர்வ்லெட் (வெப் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு) எழுதி வருகிறேன். வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் நூல்களை வைத்துக்கொள்ளும் ‘கூடை’ வகுப்பு வேறெங்கும் தேவைப்படாது என்று கருதி, அதைச் சர்வ்லெட்டுக்குள்ளேயே உள்வகுப்பாக எழுதி, அதன் ஆப்ஜெக்டைச் செஷனில் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் வைத்திருக்கும் தனித் தரவில்) வைக்கிறேன். மொத்த விலையைக் கணக்கிடும்போது மட்டும், கூடை சர்வ்லெட்டில் உள்ள விலை தேடும் மெத்தடை அழைக்கிறது.

டாம்கேட்டை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பயனரின் லாகின் அப்படியே இருக்கிறது. கூடை மட்டும் காணாமல் போகிறது. லாக் கோப்பில் நாட்சீரியலைசபிள்எக்செப்ஷன் பதிவாகியுள்ளது. கூடை வகுப்புக்குச் சீரியலைசபிள் (கோப்பில் எழுதி மீட்கத்தக்கது) என்று குறிப்பிட்டிருக்கிறேன். அதில் உள்ளவை ஒரு பட்டியலும் ஓர் எண்ணும்தான். ஆனால் பிழைச்செய்தி சுட்டுவது கூடையை அன்று, சர்வ்லெட்டின் ஃபீல்டாக நான் வைத்திருக்கும், தரவுத்தள இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸின் வகுப்பை. கூடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு? வெப் நிரலில் உள்வகுப்பே எழுதக் கூடாதா?

கரிசல்காடு:

டேட்டாசோர்ஸ் ஃபீல்டுக்கு முன்னால் ‘டிரான்சியன்ட்’ (கோப்பில் எழுதாமல் விட்டுவிடு) என்று சேர்த்துவிடுங்கள். பிழை நின்றுவிடும்.

பழையநிரலர்:

மேலே சொன்னபடி செய்தால் பிழைச்செய்தி நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான ஒரு பிழை அதன் இடத்தில் வந்து உட்காரும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

‘ஸ்டாட்டிக்’ என்று குறிப்பிடாமல் ஒரு வகுப்புக்குள் இன்னொரு வகுப்பை எழுதும்போது, உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் ஃபீல்டுகளையும் மெத்தடுகளையும் தன்னுடையவைபோலப் பயன்படுத்த முடிகிறது அல்லவா? அதற்காகக் கம்பைலர், வெளி ஆப்ஜெக்டைச் சுட்டும் ஃபீல்டு ஒன்றை உள்வகுப்பில் தானாகவே சேர்த்துவிடுகிறது. உங்கள் மூலநிரலில் அது கண்ணுக்குத் தெரியாது. கம்பைல் ஆன கிளாஸ் கோப்பை, அதன் உறுப்புகளைக் காட்டும் ஜாவாப் கருவியில் திறந்தால், ‘திஸ்$0’ என்ற பெயரில் நிற்கும். ஆகவே உங்கள் கூடையில் இருப்பவை இரண்டல்ல, மூன்று.

டாம்கேட் 9 நிற்கும்போது, இயல்பான அமைப்பில், செஷன்களைக் கோப்பில் எழுதிவைக்கிறது. கூடையை எழுதப் போகும் சீரியலைசேஷன் (ஆப்ஜெக்டைக் கோப்பில் எழுதும் முறை), அந்த மூன்றாவது ஃபீல்டைப் பின்தொடர்ந்து சர்வ்லெட்டுக்குள் நுழைகிறது. சர்வ்லெட்டுகளின் அடிப்படையான ஜெனரிக்சர்வ்லெட் வகுப்பே சீரியலைசபிள் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் அங்கே தடை ஏதும் இல்லை; இது பலரும் கவனிக்காத விஷயம். அடுத்து டேட்டாசோர்ஸை எட்டும்போதுதான் முட்டிக்கொள்கிறது. செஷனில் எழுத முடியாத அந்த ஒன்றை மட்டும் லாக் கோப்பில் எச்சரித்துவிட்டு டாம்கேட் தவிர்த்துவிடுவதால், பயனரின் லாகின் தப்பியது, கூடை தொலைந்தது.

இப்போது டிரான்சியன்ட் சேர்த்தால் என்ன ஆகும்? கூடையோடு சர்வ்லெட்டின் பிரதியும் கோப்பில் ஏறும். மறுதொடக்கத்தில் அந்தப் பிரதி உயிர்பெற்று எழும். டாம்கேட் உருவாக்கி நடத்திவரும் சர்வ்லெட் வேறு, கூடை பிடித்துக்கொண்டிருக்கும் சர்வ்லெட் வேறு. பிரதியின் இனிட் மெத்தடை (தொடக்க ஏற்பாடுகளைச் செய்வது) யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். அதன் டேட்டாசோர்ஸ் ‘நல்’ (எதையும் சுட்டாத) மதிப்பிலேயே கிடக்கும். மொத்த விலை கேட்ட கணத்தில் நல்பாயின்டர்எக்செப்ஷன் வரும், அதுவும் மறுதொடக்கத்துக்கு முன் கூடையை நிரப்பியவர்களுக்கு மட்டும். இத்தகைய பிழையைத் தேடி ஒரு வாரம் போக்கியவன் என்ற முறையில் எச்சரிக்கிறேன்.

கூடையை ஸ்டாட்டிக் ஆக்குங்கள்; அப்போது அந்த மூன்றாவது ஃபீல்டு சேராது. உள்வகுப்பு எழுதியது தவறில்லை. செஷனில் வைக்கப்போகும் ஒன்றைச் சர்வ்லெட்டோடு கட்டிவைத்ததே தவறு. உள்வகுப்புகளைச் சீரியலைஸ் செய்ய வேண்டாம் என்று ஜாவாவின் சீரியலைசேஷன் வரையறையே வலுவாக அறிவுறுத்துகிறது. பயன்படாத ‘திஸ்$0’ ஃபீல்டைப் புதிய கம்பைலர்கள் விட்டுவிடுகின்றன என்றாலும், உங்கள் கூடை விலை தேடும் மெத்தடை அழைப்பதால் அந்தச் சலுகை இங்கே உதவாது.

நடுவகுப்பு:

இதனோடு ஒன்று. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய உள்வகுப்பு ஆப்ஜெக்டை உருவாக்குவதால் தரவு கலக்காது என்று சிலர் நம்புகிறார்கள். ஆப்ஜெக்ட் புதியதுதான், ஆனால் அவை அனைத்தும் சுட்டும் சர்வ்லெட் ஒன்றே. பல கோரிக்கைகளைக் கவனிக்கும் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் அதற்குள் ஓடுகின்றன என்பதால், உள்வகுப்பு வழியாகச் சர்வ்லெட்டின் ஃபீல்டில் எழுதினால், ஒருவரின் தரவு இன்னொருவருக்குப் போகும்.

ஜேசன் வடிவில் வரும் தரவை வாங்கும் வகுப்புகளுக்கும் இதே கதைதான். ஸ்டாட்டிக் இல்லாத உள்வகுப்பை உருவாக்க வெளி ஆப்ஜெக்ட் ஒன்று வேண்டும். ஜேசனை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜாக்சன் நூலகம் அதற்கு எங்கே போகும்? பிழை காட்டி மறுத்துவிடும். ஜாவா 16 முதல் உள்ள ரெக்கார்டை (தரவை வைத்துக்கொள்வதற்கான சுருக்கமான வகுப்பு) உள்ளே எழுதினால், சொல்லாமலே அது ஸ்டாட்டிக் ஆகிவிடும்.

கூடையைத் தனிக் கோப்புக்கே மாற்றுவது மேல் என்பது என் கருத்து. நாளை பணம் செலுத்தும் சர்வ்லெட்டுக்கும் அது வேண்டியிருக்கும்.

பழையநிரலர்:

வேண்டியிருக்கும்போது மாற்றினால் போதும். ஒரே இடத்தில் பயன்படும் வகுப்பை அந்த இடத்திலேயே வைத்திருப்பது படிப்பவருக்கு எளிது.

புதுநிரலர்:

இருவருக்கும் நன்றி. ஸ்டாட்டிக் சேர்த்தவுடன், விலை தேடும் மெத்தடை அழைத்த வரியில் கம்பைலர் நிறுத்திவிட்டது. அந்த ஒரு வரிதான் இத்தனை நாளாகக் கூடையைச் சர்வ்லெட்டோடு பிணைத்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. விலைகளைச் சர்வ்லெட்டே தேடி, மொத்தத்தைக் கணக்கிடும் மெத்தடுக்கு அளவுருவாகக் கொடுக்கும்படி மாற்றினேன். ஜாவாபில் பார்த்தேன், திஸ்$0 இல்லை. டாம்கேட்டை இரண்டு முறை நிறுத்தித் தொடங்கினேன். கூடையில் வைத்த மூன்று நூல்களும் அப்படியே இருக்கின்றன.