பிஷப்வில் டோபியரி தோட்டம்: வெட்டிய கை ஓய்ந்த பிறகு அதே உருவம் நிற்குமா?

நடைவண்டி (கேள்வி)

அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்ற வாரம் தென் கரோலினாவின் பிஷப்வில் என்னும் சிற்றூருக்குப் போயிருந்தேன். பேர்ல் ஃப்ரையர் என்பவர் தம் வீட்டைச் சுற்றி மூன்று ஏக்கரில் உருவாக்கிய டோபியரி தோட்டம், அதாவது செடிகளைக் கத்தரித்து உருவங்களாக்கிய தோட்டம், அங்கே இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகளும் மரங்களும் அவர் கத்தரித்த வடிவங்களில் நிற்கின்றன. யானையையும் மயிலையும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஏனெனில் பெரும்பாலானவை இன்னதென்று பெயர் சொல்ல முடியாத உருவங்கள்: வானத்தை நோக்கி முறுக்கிக்கொண்டு ஏறும் சுருள்கள், நடுவே ஓட்டை விழுந்த வளைவுகள், மீன் முள்ளைப் போல இருபுறமும் கிளை நீட்டிய ஒரு நெடுமரம். தட்டுத்தட்டாக வெட்டப்பட்டிருந்த ஒன்றைப் பார்த்து அம்மா, "தோசைக்கல்லை அடுக்கி வைத்த மாதிரி இருக்கிறதே" என்றார். அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கும் தோன்றவில்லை.

பிறகு அம்மா குனிந்து ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடி ஒன்றின் இலைகளைக் கையால் விலக்கி உள்ளே பார்த்தார். வெளியே கம்பளம் விரித்ததுபோல் பச்சை. நான்கு விரல் ஆழத்துக்கு உள்ளே ஓர் இலைகூட இல்லை, காய்ந்த குச்சிகள் மட்டுமே. "இதை ஒரு வருஷம் வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஃப்ரையர் 1939இல் பிறந்தவர் என்று படித்தேன். வெட்டிய கை ஓய்ந்த பிறகு வேறொருவர் கத்தரித்தால் அது அவருடைய தோட்டமாகவே இருக்குமா என்ற கேள்வியும் திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே வந்தது. தோட்டக்கலை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்மண்

அந்தத் தோட்டத்துக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன், முதல் முறை போனபோது ஃப்ரையர் அவர்களே ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். உங்கள் கேள்விக்கு வரும் முன், அது எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். வட கரோலினாவில் விளைச்சலில் பங்கு தரும் வாரக் குத்தகைக்கு நிலம் உழுத குடும்பத்தில் பிறந்த அவர், தகர டப்பா செய்யும் ஆலையில் வேலை பார்ப்பதற்காக பிஷப்வில்லுக்கு வந்தார். அங்கே வீடு தேடியபோது, கறுப்பர்கள் முற்றத்தைப் பேணமாட்டார்கள் என்ற காரணத்தால் ஒரு தெருவில் மறுக்கப்பட்டார். வேறிடத்தில் வீடு கட்டிக் குடியேறிய பின், உள்ளூர்த் தோட்டச் சங்கம் மாதந்தோறும் சிறந்த முற்றத்துக்குக் கொடுக்கும் விருதை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தார். அவருடைய வீடோ நகர எல்லைக்கு வெளியே இருந்தது. எல்லைக்கு வெளியே விருது கொடுக்கும் வழக்கம் அதுவரை இல்லை. ஆனாலும் 1985இல் கொடுத்தார்கள். அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான்.

அவருக்குத் தோட்டக்கலையில் எந்தப் படிப்பும் கிடையாது. ஒரு நர்சரியில் கவாத்து செய்த செடியொன்றைப் பார்த்து, அங்கிருந்தவரிடம் மூன்று நிமிடம் செய்முறை கேட்டதோடு பாடம் முடிந்தது. செடிகளில் பலவும் அந்த நர்சரி தேறாது என்று குப்பைமேட்டில் எறிந்தவை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, நீண்ட வயரில் மின்சாரக் கத்தரியை இணைத்து இரவில் வேலை செய்வார். உரமும் பூச்சிமருந்தும் போடுவதில்லை. செடியைச் சுற்றிக் குழி வெட்டி அதில் பைன் சருகை மூடாக்காகத் திணித்துவிடுவார், ஈரம் அதிலேயே நின்றுவிடும். புல்தரையில் 'அன்பு, அமைதி, நல்லெண்ணம்' என்ற பொருளில் பெரிய ஆங்கில எழுத்துகள் வெட்டியிருப்பதை அம்மாவுக்குக் காட்டினீர்களா?

பிறர் வேண்டாம் என்று எறிந்ததை எடுத்து நட்டவர், வரைபடம் எதுவும் போட்டுக்கொள்ளாமல் செடியின் போக்கைப் பார்த்துப் பார்த்து வருடக்கணக்கில் வெட்டியவர். ஆகவே பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு அதே மாதிரி வெட்டினால் கிடைப்பது நகல்தான் என்பது என் கருத்து.

வேலிக்கத்தரி

உள்ளே ஏன் காய்ந்திருக்கிறது என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நுனிக்கொழுந்தைக் கிள்ளினால் அதற்குக் கீழே உறங்கிக்கிடக்கும் பக்க மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு மூன்று நுனிகள் வரும். திரும்பத் திரும்ப இதைச் செய்யும்போது இலைகளெல்லாம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஓடாக நெருங்கிவிடுகின்றன. அந்த ஓட்டைத் தாண்டி வெயில் உள்ளே போவதில்லை, வெயில் படாத இலையைச் செடி வைத்துக்கொள்வதில்லை. உங்கள் அம்மா விலக்கிப் பார்த்தது நோயன்று. இப்படி மேற்பரப்பைத் திரும்பத் திரும்பக் கத்தரித்த செடிகள் பெரும்பாலும் உள்ளே அப்படித்தான் இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், ஜூனிப்பரும் லேலண்ட் சைப்ரஸ் என்னும் ஊசியிலை மரமும் இலையில்லாத பழைய மரத்திலிருந்து மறுபடி துளிர்க்காத இனங்கள். லேலண்ட் சைப்ரஸ் நல்ல மண்ணில் ஆண்டுக்கு மூன்றடிகூட வளரும். ஓரிரு ஆண்டுகள் கத்தரி படாமல் போனால் உருவம் உப்பிவிடும். உப்பியதைப் பழைய அளவுக்குக் குறைக்கலாம் என்று வெட்டினால், கத்தரி அந்தப் பச்சை ஓட்டைக் கடந்து குச்சிக்குள் போய்விடும். அங்கே இனி பச்சை வராது. எங்கள் வீட்டு வாசலில் நானே கெடுத்த ஜூனிப்பர் ஒன்று சாட்சியாக நிற்கிறது: ஒரு கோடையில் சோம்பலால் விட்டுவிட்டு, அடுத்த வசந்தத்தில் பழைய உருண்டையை மீட்கிறேன் என்று ஆழமாக வெட்டியதில் தலையளவு பழுப்புக் குழி விழுந்தது. ஐந்து ஆண்டுகள் ஆயின. பக்கத்துக் கிளையை இழுத்துக் கட்டிப் பாதி மறைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஹாலி என்னும் பசுமை மாறாச் செடி வகைகள் இந்த விஷயத்தில் பொறுமைசாலிகள், அடிமரத்திலிருந்தும் துளிர்க்கும். எனவே அம்மாவின் கேள்விக்கு விடை செடிக்குச் செடி மாறும். ஓராண்டு விட்டால் ஹாலி மன்னித்துவிடும், சைப்ரஸ் மன்னிக்காது.

மலையடி

செம்மண் அவர்களின் கருத்தோடு நான் முழுமையாக உடன்படவில்லை, அதற்குக் காரணம் வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவில் நான் பார்த்த லெவன்ஸ் ஹால் தோட்டம். இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் தோட்டக்காரராக இருந்த கியோம் போமோன் 1694இல் அதைத் தொடங்கினார். இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அங்கே உள்ளன: நீதிபதியின் பொய்முடி, பெருங்குடைகள், சதுரங்கக் காய்கள், தோழியர் சூழ நிற்கும் எலிசபெத் அரசி. சில, குடித்துவிட்டுச் சாய்ந்தவரைப் போல் ஒருக்களித்து நிற்கின்றன, யாரும் நிமிர்த்துவதில்லை. முந்நூறு ஆண்டுகளைக் கடந்த பின்பும், 1986இல் பொறுப்பேற்ற கிறிஸ் க்ரௌடர் அங்கே பத்தாவது தலைமைத் தோட்டக்காரர்தான் என்பதிலிருந்து ஒவ்வொருவரும் எத்தனை காலம் அதே செடிகளோடு வாழ்ந்திருப்பார்கள் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இடையில் அதுவும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1810இல் வந்த அலெக்சாண்டர் ஃபோர்ப்ஸ்தான் மீட்டெடுத்தார். இன்றைய உருவங்களில் பலவும் அவர் காலத்தில் நடப்பட்டவை. அதற்காக அது போமோனின் தோட்டம் இல்லை என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. இலையுதிர் காலம் தொடங்கியதும் சாரம் கட்டி வெட்ட ஆரம்பித்தால் குளிர்காலம் வரை வேலை இழுக்கும். நான் போனபோது ஒரு தோட்டக்காரர் ஏதோ ஒரு மரத்தின் மேல் நின்று இரண்டு முறை வெட்டுவதும், இறங்கி வந்து தூரத்திலிருந்து பார்ப்பதும், மறுபடி ஏறுவதுமாக இருந்தார். அரைமணி நேரத்தில் என் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.

வேலிக்கத்தரி

மலையடி அவர்கள் சொன்னது உண்மையே, ஆனால் லெவன்ஸ் ஹாலுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. அங்கே முக்கியமானது யூ என்னும் ஊசியிலை மரம். மெதுவாக வளரும், ஆண்டுக்கு ஒரு முறை வெட்டினால் போதும், மொட்டை மரமாக வெட்டினாலும் துளிர்க்கும். ஃபோர்ப்ஸால் மீட்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தென் கரோலினாவின் வெக்கையில் யூ செழிக்காது, அங்கே வளரும் காலமும் நீளம். ஆகவே இங்கிலாந்தில் ஒரு தலைமுறையின் அலட்சியத்தைத் தாங்கும் கலை, பிஷப்வில்லில் மூன்று கோடைகளைக்கூடத் தாங்காது. அதைத் தனி ஒருவர் முழுநேர வேலைக்கு இடையில் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பு.

செம்மண்

நகல் என்று நான் சொன்னதைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். ஃப்ரையருக்கு முதுமையால் இயலாமல் போனபோது பல செடிகள் உருக்குலைந்தன, சில பட்டும் போயின. 2021இல் மைக் கிப்சன் என்ற டோபியரி கலைஞர் அங்கே வந்து தங்கி மீட்பு வேலையில் இறங்கினார். அவரும் கறுப்பினத்தவர், சிறு வயதிலேயே கத்தரி பிடித்தவர். கடைசி முறை நான் போனபோது, பழுத்துப்போன பகுதியை முழுவதும் எடுத்துவிட்டு மிச்சமிருந்த பச்சையிலிருந்தே வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்திருந்த செடியைப் பார்த்தேன். பழைய படத்தில் இருந்த உருவம் அதில் இல்லை. ஆனால் எறிய வேண்டியதை எறியாமல், செடி விட்ட வழியில் கத்தரி போயிருந்தது. அதை நகல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நடைவண்டி

அனைவருக்கும் நன்றி. புல்லில் வெட்டிய எழுத்துகளை அம்மாவுக்குக் காட்டினேன். அவர் ஆங்கிலம் படிக்கமாட்டார், எழுத்துகளின் ஓரம் எவ்வளவு நேராக வெட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் குனிந்து தடவிப் பார்த்தார். மலையடி எழுதியதை இன்று காலை படித்துக் காட்டியபோது, இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறினார் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை கேட்டார். வாசலில் வைக்க ஒரு ஹாலி நாற்று வாங்கலாம் என்றிருக்கிறேன். வேலிக்கத்தரி அவர்களே, நட்ட எத்தனை மாதத்தில் முதல் கவாத்து செய்யலாம்?

வேலிக்கத்தரி

ஓராண்டு கத்தரியைத் தொடாதீர்கள், வேர் பிடிக்கட்டும். அடுத்த ஆண்டு, வசந்தத் துளிர் விட்டு முற்றிய பிறகு நுனியை மட்டும் கிள்ளுங்கள். மேலே குறுகலும் கீழே அகலமுமாக இருக்குமாறு வெட்டினால்தான் அடிக்கிளைகளுக்கு வெயில் கிடைக்கும். அம்மா ஊருக்குத் திரும்புமுன் நட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் வாசலைப் பார்க்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.