வெட்சூட் அளவு: எம்மா, எல்லா?

ஜனவரியில் அந்தமான் ஹேவ்லாக்கில் டைவிங். இந்த முறை சொந்தமாக 3 மி.மீ. தடிமனில் வெட்சூட் (தண்ணீருக்குள் குளிர் தாங்கப் போடும், உடம்பை ஒட்டிய ரப்பர் உடை) வாங்கலாம் என்றிருக்கிறேன். போன தடவை வாடகைக்குக் கிடைத்தது தொளதொள. முதுகுப் பக்கம் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறியதில் அரை மணி நேரத்தில் பல் தந்தியடித்தது. உள்ளே வரும் தண்ணீர் அப்படியே தங்கினால்தான் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நேற்று கடையில் எம் சைஸ் போட்டேன். தொடை, அக்குள் எல்லாம் கச்சிதம். ஆனால் கழுத்தும் மார்பும் இறுக்கி, மூச்சை ஆழமாக இழுக்க முடியவில்லை. எல் போட்டால் இடுப்புக்குப் பின்னால் ஒரு தேங்காயே வைக்கலாம் (முன்னால் தொப்பை பார்த்துக்கொள்கிறது). நியோப்ரீன் (அந்த உடையின் ரப்பர்) போகப்போக இளகும் என்கிறார் கடைக்காரர். கழுத்துக்கும் அதை நம்பலாமா? நான் 5 அடி 4 அங்குலம், 74 கிலோ. அளவு கொடுத்துத் தைத்து வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.