சந்தையில மொத்தமா வாங்கிற தக்காளி மூன்று நாளில பழுதாகுது

வணக்கம். நாங்கள் பரந்தன், வீட்டில ஆறு பேர். மாசி பிறந்ததில இருந்து கிழமைக்கு ஒருக்கா விடியக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய், தோட்டக்காரரிட்டயே மரக்கறி எடுக்கிறம். இப்ப விளைச்சல் காலம், கடை விலையை விட நல்ல மலிவு. ஆனா தக்காளி 5 கிலோ எடுத்தால் 2 கிலோ எறியிறம். விளைவிச்ச சனத்தின்ர பாடு தெரிஞ்சபடியால் எறிய மனம் வருகுதில்லை.

மூன்றாம் நாள் காம்படியில கறுத்து, அமத்தினால் தண்ணி விடுது. கத்தரிக்காய் சுருங்குது, பயிற்றங்காய் மஞ்சளாகுது.

பிரிட்ஜ் இல்லை. ஈரச் சாக்கால மூடினம், பூஞ்சணம் பிடிச்சுது. பேப்பரில சுத்திக் கட்டிலுக்குக் கீழ வைச்சது கொஞ்சம் பரவாயில்லை. பழுத்ததையும் செங்காயையும் பிரிச்சு, காம்புப் பக்கம் கீழ இருக்கப் பரப்பியும் பாத்தாச்சு. கழுவாமல்தான் வைக்கிறம். கத்தரிக்காய் வத்தல் மட்டும் சரிவந்தது. தக்காளியை வெயிலில போட்டால் இலையான் மொய்க்குது.

வன்னி வெக்கைக்குள்ள, பிரிட்ஜ் இல்லாமல் 5 கிலோ தக்காளியை ஒரு கிழமை வைச்சிருக்க நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?