பல்ப் நல்ல பல்ப்தான், போனது ஹோல்டர்: பழைய வாகனக்காரரே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கியபோது, பின்னால் வந்த லொறிக்காரர் பக்கத்தில் வந்து சொன்னார்: "அண்ணை, நீங்கள் பிரேக் பிடிச்சா இடப்பக்கச் சிக்னலும் சேர்ந்து மினுங்குது. நிக்கப் போறியளோ திரும்பப் போறியளோ எண்டு விளங்கேல்லை." என்னுடையது மொறிஸ் மைனர் 1000 கார், பழைய ஸ்ரீ நம்பர். ஏ9 வீதியில் இரவில் பஸ்கள் வரும் வேகத்துக்குப் பின்லைற் இப்படி உளறினால் சரிவராது.

லைற் மங்கினால் எல்லாரும் முதலில் மாற்றுவது பல்பைத்தான். கராச்சிலும் அதைத்தான் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். பல்பில் ஒரு குறையும் இல்லை. பல்ப் பூட்டும் ஹோல்டரின் ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே பச்சை பூத்துக் கிடந்தது. பல்பின் அடியைத் தொட வேண்டிய இரண்டு பித்தளைப் பொட்டுகளில் ஒன்று உள்ளே புதைந்துபோய் இருந்தது. அதைத் தள்ளி வைத்திருக்கும் ஸ்பிரிங் விரல் பட்டதும் துருவாக உதிர்ந்தது. கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயர் பூட்டிய ஆணியும் துருதான்.

சிக்னல் மினுங்கியதற்கு அந்த எர்த்தான் காரணம். பிரேக் லைற்றுக்கு வந்த கரண்ட், காரின் இரும்பு உடலுக்குத் திரும்ப வழியில்லாமல், பக்கத்துச் சிக்னல் பல்புக்குள்ளால் சுற்றிப் போகிறது. அதுதான் இரண்டும் அரைகுறையாக எரியும். வோல்ற் மீற்றர் வைத்திருப்பவர்கள் லைற்றை எரியவிட்டு, ஒரு முனையை ஹோல்டரின் இரும்பிலும் மற்றதைப் பற்றரியின் எர்த் முனையிலும் வைத்துப் பாருங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட நின்றால் நல்லது. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுரண்ட வேண்டியதுதான்.

முழு லைற்றையும் மாற்றத் தேவையில்லை. உள்ளே வரும் வட்டத் தட்டு, ஸ்பிரிங், இரண்டு துண்டு வயர், இவ்வளவும் போதும். வயரை முதலில் ஸ்பிரிங்குக்குள்ளால் விட்டு, பிறகு தட்டுக்குள்ளால் எடுத்து, கடைசியில்தான் பொட்டுக்கு ஈயம் வைக்க வேண்டும். முந்திக்கொண்டு ஈயம் வைத்தால் ஸ்பிரிங் வெளியில் நின்று சிரிக்கும். வயர் நிறம் மாறாத கார் என்றால் வேலை சுகம்: சிவப்பு பார்க் லைற், பச்சையில் ஊதாக் கோடு பிரேக், பச்சையில் சிவப்புக் கோடு இடது சிக்னல், வெள்ளைக் கோடு வலது, கறுப்பு எர்த்.

இன்னொன்று. மைனருக்குக் கம்பனியில் வந்தபடி பற்றரியின் பிளஸ்தான் எர்த். எல்இடி பல்ப் வாங்கிப் பூட்டிவிட்டு "எரியேல்லை" என்று ஹோல்டரைத் திட்டாதீர்கள். எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி: கூலர் லொறி, முல்லைத்தீவு

எங்கள் கதை வேறு. மீன்பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணி உப்போடு சேர்ந்து பின்லைற்றுக்கு மேலேயே ஒழுகும். புது ஹோல்டர் பூட்டினாலும் கொஞ்ச நாளில் பச்சை. இப்போது பூட்டும்போதே வயர் மூட்டுக்கு வஸ்லின் பூசி விடுகிறேன். லைற்றின் அடியில் தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெயின்ற் அடிக்கிறவர்கள் அதை அடைத்துவிடுவார்கள், அல்லது யாராவது லைற்றைத் தலைகீழாகப் பூட்டி ஓட்டை மேலே நிற்கும். அதைப் பார்க்காமல் ஹோல்டர் மாற்றுவது வீண்செலவு. எங்களது 24 வோல்ற் எல்ஃப் லொறி. காருக்கும் இதுக்கும் ஹோல்டர் ஒன்றுதான், பல்ப் வேறு. கார் பல்பைப் போட்டால் ஒரு மின்னல், அதோடு சரி.

மறுமொழி: ஹயஸ் வான், கிளிநொச்சி

முன்லைற் பற்றி நான் சொல்கிறேன். மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியில் ராவில் ஓடினவர்களுக்குத் தெரியும், கறுப்பு மாடு ரோட்டில் படுத்திருந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது. அதனால் 60/55 வாற் (தூர வெளிச்சம்/கிட்ட வெளிச்சம்) பல்ப் இருந்த இடத்தில் 100/90 போட்டேன். முதலில் பகல் மாதிரித்தான் இருந்தது. பிறகு ஒரு பக்கம் மங்கத் தொடங்கியது, பிளாஸ்டிக் எரியும் மணமும் வந்தது. கழற்றினால் மூன்று கால் பிளக் உருகிப் பல்போடு ஒட்டியிருந்தது. 100 வாற் என்றால் ஒரு பல்புக்கே 8 அம்பியருக்கு மேல். தளர்ந்த பிளக்கில் அந்தளவு கரண்ட் போனால் சூடேறும், சூடேறினால் இன்னும் தளரும். திரும்பவும் 60/55, பீங்கான் ஹோல்டர், பற்றரியிலிருந்து தடித்த வயர், நடுவில் ரிலே (சுவிட்ச் சொன்னதும் பெரிய கரண்டைத் தானே விடும் பெட்டி). முந்திய 100ஐ விட இப்போது வெளிச்சம் நல்லது.

மறுமொழி: ஓய்வுபெற்ற டிரைவர், புளியங்குளம்

தம்பிமாருக்கு இப்போது கடையிலாவது சாமான் இருக்கு. யுத்தத்தில் பெற்றோல் வராத தடைக்காலத்தில் ஒஸ்ரின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டின நாங்கள், ஸ்பிரிங் போனால் பேனை ஸ்பிரிங், பொட்டு தேய்ந்தால் ஈயத்தைக் குமிழாக வைத்து உயர்த்துவது. அந்தக் குமிழ் வேலை இன்றைக்கும் நடுவழியில் உதவும். ஆனால் வீடு வந்ததும் மாற்றிப்போடுங்கோ, ஈயம் சூட்டில் அமுங்கும்.

மறுமொழி: உழவு இயந்திரம், பரந்தன்

மைனர் அண்ணை, உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியின் பின்லைற்றுக்கு ஹோல்டர் வாங்கினேன், பல்ப் உள்ளே போகுது, திரும்பிப் பூட்டுதில்லை. ஏன்?

பதில்: மைனர்

பல்பின் பக்கத்தில் இருக்கிற இரண்டு முள்ளையும் பாருங்கள். ஒரே உயரத்தில் இருந்தால் ஒற்றை இழை, 21 வாற். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் பார்க் லைற்றும் பிரேக் லைற்றும் சேர்ந்த இரட்டை இழை, 21/5 வாற். நீங்கள் வாங்கின ஹோல்டர் மற்ற வகையாக இருக்கும். வவுனியாவில் பழைய சாமான் கடைக்குப் போகும்போது கழற்றின ஹோல்டரையும் பல்பையும் கையோடு கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் கையில் அகப்பட்டதைத் தருவார்கள்.