‘கர்ரி’ என்று தேடினால் குதிரை வருகிறது. உதவி தேவை

பெரம்பூர் டீச்சர்:
வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். ‘கர்ரி’ நம்ம ‘கறி’யிலிருந்து போன வார்த்தை என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதைக் காட்டலாமே என்று இன்று வகுப்பில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியை ஆன்லைனில் திறந்தேன். வந்ததோ, 1300 வாக்கில் முதல் பதிவு, பழைய பிரெஞ்சு மூலம், பொருள் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவது! “மிஸ், அப்போ இது தமிழ் இல்லையா?” என்று முதல் பெஞ்சுப் பெண் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் சொன்னது தப்பா, தேடியது தப்பா?

அகராதிப் பிரியன்:
சொன்னது சரிதான் மிஸ். நீங்க திறந்தது வேற வார்த்தை. நம்ம ‘படி’ மாதிரிதான்: மாடிப்படி, அரிசி அளக்கிற படி, பாடம் படி. எழுத்து ஒண்ணு, வார்த்தை வேற. தலைச்சொல் பக்கத்துல பெயர்ச்சொல்லுக்கு ‘என்’, வினைச்சொல்லுக்கு ‘வி’ன்னு இருக்கும், கூடவே சின்ன எண்ணும் இருக்கும். நீங்க பார்த்தது வினைச்சொல். திரும்பிப் போய் சாப்பாட்டுப் பொருள்ல வர்ற பெயர்ச்சொல்லைத் திறங்க.

அர்த்தத்துக்குக் கீழே பழைய நூல்கள்லேர்ந்து எடுத்துக் காட்டற மேற்கோள்களை மட்டும் விட்டுடாதீங்க, விஷயமே அங்கதான். 1598-ல லின்ஸ்கோட்டன்ங்கிற டச்சுக்காரரோட பயண நூல் இங்கிலீஷ்ல வந்தது. சோத்துல ஊத்திச் சாப்பிடற மீன் குழம்பு, கொஞ்சம் புளிப்பு, ஆனா ருசியா இருக்கும்னு அதுல எழுதியிருக்கார். பேரு ‘காரியல்’னு இருக்கும். அந்தக் கடைசி ‘ல்’லைப் பாருங்க, போர்ச்சுகீசியர் சொன்ன ‘கரில்’ அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு.

பெரம்பூர் டீச்சர்:
கிடைத்துவிட்டது, ரொம்ப நன்றி! அப்போ 1598-க்கு முன்னால் இங்கிலீஷில் இந்த வார்த்தை இல்லை என்று சொல்லலாமா?

அகராதிப் பிரியன்:
கூடாது மிஸ். அகராதிக்காரங்க கண்ணுல பட்ட பழைய எழுத்துச் சான்று அது, அவ்வளவுதான். இன்னும் பழசு கிடைச்சா வருஷத்தை மாத்துவாங்க. அந்த அகராதியோட முதல் பதிப்பு 1884-ல ஆரம்பிச்சு 1928-ல முடிஞ்சது; திருத்தற வேலை இன்னும் ஓடுது.

குரோம்பேட்டை வாசி:
அந்த ‘வி’ பதிவையும் ஒதுக்கிடாதீங்க மேடம். அதுல தோல் சம்பந்தமான பொருளும் இருக்கும். பதனிட்ட தோலுக்கு எண்ணெய், கொழுப்பு தேய்ச்சு மெருகேத்தற வேலை. எங்க ஊருக்குப் பேரே குரோம் லெதர் கம்பெனியால வந்தது, அதனால இதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மயிலாப்பூர் மாமி:
ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குச் சந்தா இல்லாதவாளுக்கு: ‘ஹாப்சன்-ஜாப்சன்’ 1886-ல வந்த ஆங்கிலோ-இந்திய அகராதி. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்துல இலவசம். அந்த மீன் குழம்பு மேற்கோள் அதுலயும் இருக்கு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் தேடிப் பாருங்கோ. இன்னொண்ணு, பட்டினப்பாலையில ‘கருங்கறி மூடை’ன்னு வரும். அங்க கறின்னா மிளகு.

பெரம்பூர் டீச்சர்:
மிளகா! தமிழ் ஐயாவை நாளைக்கு வகுப்புக்குக் கூப்பிடுகிறேன். 1598 மேற்கோளை அந்தப் பெண்ணே வாசிக்கட்டும்.