கப்பல் கொடிகளிலிருந்து ஒரு வடிவமைப்பு: புதுப்பிப்பு

கப்பல்கள் செய்தி சொல்ல ஏற்றும் சர்வதேச சமிக்ஞைக் கொடிகளின் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்து நிறங்களை மட்டும் கொண்டு ஓர் இணையதள வடிவமைப்பு முறையை உருவாக்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். வாசிக்க முடியுமா என்று சிலர் கேட்டீர்கள். சரியான கேள்வி.

அளந்து பார்த்தேன். வெள்ளையின் மேல் தூய மஞ்சள் எழுத்தின் மாறுபாடு, அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி விகிதம், 1.07:1 மட்டுமே. தூய சிவப்பு ஏறத்தாழ 4:1. சாதாரண எழுத்துக்கு வேண்டியதோ 4.5:1. சிவப்பை அடர்த்தியாக்கினேன். மஞ்சளைப் பின்னணிக்கு ஒதுக்கிக் கறுப்பில் எழுதினேன். அந்த இணை 19:1-ஐத் தாண்டுகிறது.

ஆனால் என்னை உலுக்கியது நிறமல்ல, பொருள். அழகாக இருக்கிறதே என்று 'யூ' (U) என்ற ஆங்கில எழுத்துக்குரிய கொடியின் சிவப்பு வெள்ளைக் கட்டங்களை வரவேற்புப் பட்டையில் வைத்திருந்தேன். அதன் பொருள், 'நீங்கள் ஆபத்தை நோக்கிச் செல்கிறீர்கள்'! இப்போது அது கோப்பை அழிக்கும் முன் வரும் எச்சரிக்கையில் இருக்கிறது. அதற்குரிய இடம் அதுதான்.

இன்னொன்று. 'சி' (C) கொடி என்றால் ஆம், 'என்' (N) கொடி என்றால் இல்லை. இரண்டையும் பொத்தான்களாக்கினேன். கைபேசியின் குறுகிய திரையில் 'என்' மேலேயும் 'சி' கீழேயும் அடுக்கிக்கொண்டன. கடலில் அந்த வரிசை, உடனடி உதவி கோரும் அபாய அழைப்பு. உயிர் காக்கும் சமிக்ஞையை அலங்காரமாக விட மனம் வரவில்லை. 'இல்லை' பொத்தானிலிருந்து கொடியை நீக்கிவிட்டேன். எஞ்சிய கொடிகள் அனைத்தின் அருகிலும் சொல்லும் உண்டு.

இருண்ட பின்னணி இன்னும் முடியவில்லை. கறுப்பின் மேல் தூய நீலம் 2.44:1தான், வெள்ளை விளிம்பு கொடுத்துப் பார்க்கிறேன்.