மறு: படகு எஞ்சின் ‘மிக்சிங் எல்போ’வுக்குத் தமிழ்ச்சொல்

அண்ணா, வணக்கம்.

உங்கள் படகு எஞ்சின் கையேட்டில் ‘மிக்சிங் எல்போ’வுக்கு, அதாவது புகையோடு கடல் தண்ணீர் கலக்கும் வளைவுக்கு, நீங்கள் சொன்ன ‘கலவை முழங்கை’ வேண்டாம். எங்கள் கிருஷ்ணகிரிப் பட்டறையில் முழங்கை என்றால் சொந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். பிளம்பர் எல்போ என்பார், வெல்டர் பெண்டு என்பார். அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெயரைப் படிக்கிற மெக்கானிக்குக் கையில் இருப்பது புகைவழியின் காய்ந்த பகுதியா, தண்ணீர் ஓடுகிற பகுதியா என்று தெரியாது; நீங்கள் எழுதும் கையேட்டில் வெல்டிங் வைக்கலாமா, புதுசு போட வேண்டுமா என்ற கேள்வியே அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

இங்கே கிரானைட் குவாரி கம்ப்ரசர் எஞ்சின்களில், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு விரிசல் விட்டால் நாங்கள் தயங்குவதே இல்லை. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், சட்டென்று குளிர்ந்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். அதனால் விரிசலின் இரண்டு முனையிலும் துளை போட்டு, வி வடிவில் பள்ளம் எடுத்து, சூடேற்றி, நிக்கல் வெல்டிங் ராடால் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, சுண்ணாம்புத் தூளில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுவோம். மறுநாள் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் முகத்தைச் சமப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது. அது முழுக்கப் புகை மட்டுமே போகும் பாகம், சுவரும் தடியாகவே இருக்கும்.

படகில் கதை வேறு. எஞ்சினைக் குளிர்வித்து வரும் கடல் தண்ணீரை அந்த வளைவில் புகைக்குள் கலந்து விடுகிறார்கள். 400 டிகிரிக்கு மேல் வரும் புகை அங்கே ரப்பர் ஹோஸ் தாங்கும் அளவுக்குத் தணிகிறது. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் உப்பு, டீசல் புகையில் இருக்கும் கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து உண்டாகும் அமிலம் வேறு. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்சுவர் அப்பளமாகியிருக்கும். எங்கள் சம்பந்தி வீட்டார் கடலூரில் விசைப்படகு வைத்திருக்கிறார்கள், அங்கிருந்து ஒருமுறை இப்படி ஒரு வளைவு எங்கள் பட்டறைக்கு வந்தது. ஏற்கனவே ஒருவர் மேலே ஒட்டு போட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் ராடை வைத்ததும் ஓட்டைதான் பெரிதானது, ஒட்டுவதற்கு அங்கே இரும்பே இல்லை.

வெளியே சொட்டினால் கண்ணுக்காவது தெரியும். தண்ணீர் அறைக்கும் புகைவழிக்கும் நடுவில் உள்ளுக்குள்ளேயே ஓட்டை விழுந்தால்தான் ஆபத்து. எஞ்சினை நிறுத்தியபின் தண்ணீர் கசிந்து, திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீர் அமுங்காது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஒரு வளைவின் காசை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

இதனால்தான் பெயரிலேயே பிரித்துவிடச் சொல்கிறேன். தண்ணீர் சேருமுன் இருப்பது ‘உலர்புகை’, சேர்ந்தபின் ‘நனைபுகை’. கலக்கும் வளைவுக்கு ‘நனைபுகை வளைவு’. பட்டறையில் பெண்டு என்றே சொல்லிக்கொள்ளட்டும், ‘நனைபுகை பெண்டு’ என்றாலும் எனக்குச் சம்மதம். ஒகேனக்கல்லுக்கே புகைக்கல் என்றுதானே பொருள், நம் புகைதான் கன்னடத்தில் ஹொகெ. தண்ணீர் விழும் இடத்துக்குப் புகையின் பெயரை வைப்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

மேனிபோல்டுக்கு நீங்கள் சொன்ன ‘பன்முகக்குழல்’ எனக்கு ஒட்டவில்லை. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒன்று, புகையைச் சேர்த்து வெளியே தள்ளுவது இன்னொன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காக நாமும் அப்படியே வைக்க வேண்டுமா? முதலாவது பகிர்குழல், இரண்டாவது திரட்டுக்குழல்.

கையேட்டில் ‘மாற்றவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். திருப்பி மாட்டுவதையும் கழற்றி வேறிடத்தில் வைப்பதையும்கூட அப்படித்தான் சொல்கிறோம். ‘புதிதாகப் பொருத்தவும்’ என்று எழுதிவிட்டால் சந்தேகம் வராது.

---

தம்பி, நனைபுகை நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். தருமபுரியில் என் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன், விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டார்கள். திரட்டுக்குழலும் சரி. ஆனால் ஒரு கேள்வி. சில படகு எஞ்சின்களில் திரட்டுக்குழலைச் சுற்றியே தண்ணீர் அறை இருக்கிறதே? புகை இன்னும் நனையவில்லை, சுவர் மட்டும் நனைந்திருக்கிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அப்புறம், நனைபுகை வளைவைத் துருப்பிடிக்காத எஃகில் இங்கேயே செய்து போடலாமா என்றும் கேட்கிறார்கள்.

---

அண்ணா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அதற்கு ‘நீருறைத் திரட்டுக்குழல்’ என்று வைக்கலாம். புகை உலர்ந்திருந்தாலும் பழுது பார்க்கும் விதியில் அது நனைபுகைப் பக்கம்தான். தண்ணீர் அறையை அடைத்துக் காற்று கொடுத்துத் தொட்டியில் முக்கிப் பாருங்கள், உள்ளே குமிழ் வந்தால் ஒட்ட வேண்டாம். எஃகில் செய்யலாம், ஆனால் 316 ரகம் கேளுங்கள், அதில் உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் உண்டு. சாதாரண 304 ரகம் கடல் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். காந்தம் வைத்துப் பார்த்தும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது, பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள்.